சுகாதாரப் பொருளாதாரம்: மருத்துவ மாணவருக்குக் காணொளி போதாது, கணக்குப் போடும் திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கல்வியில் இணையவழிப் பாடங்கள் பெருகிவருவதை வரவேற்றுத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சுகாதாரப் பொருளாதாரம் போன்ற பாடங்களை மாணவர்கள் இனிக் காணொளிகள் வழியாகத் தாங்களே எளிதாகக் கற்றுக்கொள்ளலாம் என்று அதில் போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. சமூக மருத்துவத் துறையில் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில் அந்த ஒரு வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. மின்வழிக் கற்றலுக்கு நான் எதிரியல்லன். சொல்லப்போனால், மருத்துவப் படிப்பில் வேறெந்தப் பாடத்தையும்விட இந்தப் பாடத்துக்கே கணினித் திரை அதிகம் பயன்படும் என்று கருதுகிறேன். ஆனால், அந்தத் திரையில் ஆசிரியரின் முகம் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பயன் கிடைக்காது.

என் சொந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். நேரடி வகுப்புகள் நின்றுபோயிருந்த 2020ஆம் ஆண்டில், என் விரிவுரைகள் அனைத்தையும் பதிவுசெய்து மாணவர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் அவற்றை இரு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். இணையவழித் தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தார்கள். மதிப்பெண்களும் நன்றாகவே இருந்தன. சில மாதங்கள் கழித்து நோயாளிகளின் படுக்கையருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்துவிட்ட ஒன்றுக்காக மீண்டும் ஒரு ஸ்கேன் எழுதப்பட்டிருந்ததைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட நேரும் இன்னொன்றின் பயன்) என்பதன் இலக்கணத்தைத் தேர்வில் பிழையின்றிக் குறித்திருந்த அதே மாணவர், "எடுத்து வைப்பது பாதுகாப்புதானே, ஐயா?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கற்பித்தது சொற்களை; அவர் கற்றதும் சொற்களையே.

இந்தப் பாடம் மருத்துவ மாணவர்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கணக்குகள் கடினமானவை அல்ல. பெரும்பாலானவை பள்ளிக் கணக்குகளே. கடினம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கண்முன் இருக்கும் ஒரு நோயாளியைப் பற்றி மட்டுமே சிந்திக்கும்படி மருத்துவக் கல்வி மாணவரைப் பழக்குகிறது. அப்படிப் பழக்குவது சரியே. சுகாதாரப் பொருளாதாரமோ கண்முன் இல்லாத நோயாளியைப் பற்றிப் பேசுகிறது. ஒரு கட்டில், ஒரு மணி நேரம், ஒரு மருந்துக் குப்பி இங்கே செலவானால், அதனால் நலம் பெற்றிருக்கக்கூடிய இன்னொருவருக்கு அது கிடைக்காமல் போகிறது என்பதே அதன் அடிப்படை. அந்த இன்னொருவருக்கு முகமில்லை, பெயரில்லை, படுக்கை எண் இல்லை. அவரை மாணவரின் மனத்துக்குள் கொண்டுவருவதுதான் ஆசிரியரின் வேலை. விரிவுரையால் அதைச் செய்வது அரிது.

1963இல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ எழுதிய கட்டுரையிலிருந்து இந்தத் துறை தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். நோய் எப்போது வரும் என்பதும் தெரியாது, சிகிச்சை பலிக்குமா என்பதும் தெரியாது, என்ன வாங்குகிறோம் என்பதை விற்பவரே வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே மருத்துவச் சந்தை மற்றச் சந்தைகளைப் போன்றதன்று என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதைக் கேட்கும் மாணவர்கள் தலையசைப்பார்கள். ஆனால், அந்த "விற்பவர்" நாளை தாங்களே என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. உலக அளவில் சுகாதாரத்துக்குச் செலவிடப்படும் பணத்தில் 20 முதல் 40 சதவீதம் வரை திறமையின்மையால் வீணாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் தன் 2010ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. இந்த எண்ணையும் அவர்கள் குறித்துக்கொள்வார்கள், தேர்வுக்கு.

அப்படியானால் திரையில் என்னதான் செய்யலாம் என்ற கேள்விக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1975இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் நியூஹவுசர், லெவிக்கி ஆகிய இருவர் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறிவதற்காக, மலத்தில் கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே நபருக்கு ஆறு முறை செய்ய வேண்டும் என்ற பரிந்துரை அப்போது இருந்தது. அந்த ஆறாவது பரிசோதனையால் நமக்குக் கிடைப்பது என்ன என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. 10,000 பேரில் 72 பேருக்குப் புற்றுநோய் இருப்பதாகவும், ஒவ்வொரு பரிசோதனையும் நோயுள்ளவர்களில் சுமார் 92 சதவீதத்தினரைக் கண்டுபிடிப்பதாகவும் எடுத்துக்கொண்டார்கள். முதல் பரிசோதனையிலேயே ஏறத்தாழ 66 பேர் அகப்பட்டுவிடுகிறார்கள். இரண்டாவதில் இன்னும் ஐந்தாறு பேர். அதன்பிறகு கண்டுபிடிப்பதற்கு அநேகமாக யாருமே மிஞ்சவில்லை. ஆறு பரிசோதனைகளின் மொத்தச் செலவைக் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்குச் சராசரியாக 2,451 டாலர் வருகிறது. அது யாருக்கும் நியாயமாகவே தோன்றும். ஆனால், ஆறாவது பரிசோதனைக்கு மட்டும் ஆன கூடுதல் செலவை, அதனால் மட்டும் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்கு 4 கோடியே 70 லட்சம் டாலருக்கும் மேல் வருகிறது.

இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மாணவர்கள் வியப்பார்கள், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். இதையே ஒரு விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) ஆறு வரிசைகளாக அமைத்து, சூத்திரங்களை நீக்கிவிட்டு, நீங்களே நிரப்புங்கள் என்று அவர்கள் கையில் கொடுத்தால் நடப்பது வேறு. மூன்றாவது வரிசையை எட்டும்போது, கண்டுபிடிக்கப்பட்டவர்கள் என்ற கட்டத்தில் ஒன்றுக்கும் குறைவான எண் வருவதைப் பார்த்துத் தாங்கள் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். பிழையில்லை, அரை ஆளுக்காகத்தான் 10,000 பேரை மூன்றாம் முறை பரிசோதிக்கிறோம் என்பது அங்கேதான் புரிகிறது. சராசரிச் செலவுக்கும் இறுதிநிலைச் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை அதன்பின் நான் விளக்க வேண்டியதே இல்லை.

(இடையில் ஒரு சிறு குறை. பொருளியல் நூல்களில் புழங்கும் "இறுதிநிலை" என்ற சொல் மருத்துவ மாணவரின் காதில் "முற்றிய நோய்" என்றே விழுகிறது. "இறுதிநிலைச் செலவு" என்றதும், மரணத் தறுவாயில் இருப்பவருக்கு ஆகும் செலவு என்று ஒரு மாணவி நேர்மையாகவே விடை எழுதியிருந்தார். "கூடுதலாக ஒன்றுக்கு ஆகும் செலவு" என்று நீட்டிச் சொல்வதே இப்போது என் வழக்கம்.)

அந்த விரிதாளின் உண்மையான பயன் இதற்குப் பிறகுதான் வருகிறது. 92 சதவீதம் என்று இருக்கும் கட்டத்தை 60 என்று மாற்றச் சொல்வேன். வேறெந்த எண்ணும் மாறுவதில்லை. ஆறாவது பரிசோதனையில் கூடுதலாக ஒருவரைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு 4 கோடியே 70 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 30,000 டாலராகச் சரிந்துவிடும். வகுப்பில் ஒரு கணம் அமைதி நிலவும். பிறகு யாராவது ஒருவர், "அப்படியானால் அந்த 92 எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் முழுப் பாடமும். அந்த எண் மிகச் சிலரின் தரவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும், 1990இல் வெளியான ஒரு மறுஆய்வு அந்தப் புகழ்பெற்ற தொகையையே கேள்விக்கு உள்ளாக்கியது என்பதையும் அப்போது சொல்வேன். இன்னொரு மாணவர் இன்னும் ஆழமாகப் போய், இரத்தம் கசியாத கட்டியை முதல் பரிசோதனை தவறவிட்டால் இரண்டாவதும் தவறவிடத்தானே செய்யும், ஒவ்வொரு பரிசோதனையும் முந்தையதோடு தொடர்பில்லாதது என்று எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பார். இது பொருளாதாரக் கேள்வியன்று, மருத்துவக் கேள்வி. மருத்துவம் படித்தவர்களால் மட்டுமே கேட்கக்கூடியது. அனுமானத்தின்மேல் நிற்கும் கணக்கைக் கணக்காளர் சரிபார்க்கலாம்; அந்த அனுமானத்தைச் சரிபார்க்க மருத்துவரே வேண்டும். தங்கள் துறைக்கு வெளியிலிருந்து திணிக்கப்பட்டதாக எண்ணிக்கொண்டிருந்த பாடத்தில் தங்களுக்கென்று ஓர் இடம் இருப்பதை மாணவர்கள் அப்போது உணர்கிறார்கள்.

காணொளியில் இந்த அமைதியும் வராது, அந்தக் கேள்வியும் வராது. நானே கேள்வியைக் கேட்டு நானே விடையைச் சொல்லியிருப்பேன்.

எதிர்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் முறைக்கும் இது பொருந்தும். முப்பது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கப்போகும் 100 அலகு பயனை ஆண்டுக்கு 3 சதவீதம் கழித்துக் கணக்கிட்டால் இன்று அதன் மதிப்பு சுமார் 41; 5 சதவீதம் என்றால் சுமார் 23. வயதானவர்களுக்கு இன்றே பலன் தரும் ஓர் அறுவை சிகிச்சையையும், சிறார்களுக்குப் பிற்காலத்தில் பலன் தரும் ஒரு தடுப்பூசியையும் அருகருகே வைத்து இந்தக் கழிவுச் சதவீதத்தை மட்டும் மாணவரை நகர்த்தச் சொன்னால், எது முதலிடம் என்ற முடிவு அவர் கண்ணெதிரே தலைகீழாகும். எந்தச் சிகிச்சைக்குப் பொதுப்பணம் செலவிடலாம் என்று பரிந்துரைக்க பிரிட்டனில் 1999இல் நிறுவப்பட்ட நைஸ் அமைப்பு வழக்கமாக 3.5 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது என்பதை மனப்பாடம் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த எண்ணை ஏற்கும்போது எந்தத் தலைமுறையின் பக்கம் சாய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆயுளின் நீளத்தோடு அதன் தரத்தையும் பெருக்கிக் கணக்கிடும் குவாலி என்ற அளவுகோலைக் கற்பிப்பதில்தான் எச்சரிக்கை அதிகம் தேவை. பார்வை இழந்த ஓராண்டு வாழ்வுக்கு 1க்குக் குறைவான மதிப்பெண் தரும் அட்டவணையைத் திரையில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது, ஒரு பெரும் அறக்கேள்வியைப் புள்ளி விவரமாக்கிவிடுவதாகும். அந்த மதிப்பெண்ணை யார் தந்தது, பார்வை இழந்தவரா, இழப்பதைக் கற்பனை செய்து பார்த்தவரா என்ற விவாதம் ஆட்கள் எதிரெதிரே அமர்ந்து பேச வேண்டியது. இந்த இடத்தில் மடிக்கணினிகளை மூடச் சொல்லிவிடுவேன்.

இந்தப் பாடம் இளம் மருத்துவர்களைக் கணக்குப்பிள்ளைகளாக்கிவிடும் என்று என் மூத்த நண்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால், செலவைப் பற்றித் தெரியாமலிருப்பதை நடுநிலைமை என்று சொல்ல முடியாது. மருத்துவர் கணக்குப் பார்க்காவிட்டால் நோயாளியின் குடும்பம் பார்க்கிறது. எந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை என்று பிரித்தறியும் அறிவு அதற்கு இல்லாததால், தேவையானதையே விட்டுவிடவும் நேர்கிறது. 1974இல் தொடங்கி அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய மருத்துவக் காப்பீட்டுச் சோதனை காட்டியது இதைத்தான்: செலவில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்க வேண்டியிருந்தவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள், ஆனால் பயனற்றதை மட்டும் குறைக்கவில்லை, பயனுள்ளதையும் ஏறக்குறைய அதே அளவில் குறைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அதைப் பேரிடர்ச் செலவு என்று ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கான அளவீட்டில் வகுத்தார்கள். ஒரு கற்பனைக் குடும்பத்தின் மாத வரவு செலவைத் திரையில் கொடுத்து, தான் எழுதிய மருந்துச் சீட்டின் செலவை மாணவரையே அதில் சேர்க்கச் சொன்னால், எந்தக் கட்டத்திலிருந்து அந்தப் பணத்தை எடுப்பது என்று அவர் திகைத்து நிற்பார். அந்தத் திகைப்பு அவரைக் கணக்குப்பிள்ளையாக்காது.

மின்வழிக் கற்றல் பலன் தருமா என்ற பொதுக் கேள்விக்கு, அதன் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் படிக்க வேண்டிய ஒரு விடை ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவம் சார்ந்த தொழிற்கல்விகளில் இணையவழிப் பயிற்சி குறித்து வந்த 201 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எதுவுமே கற்பிக்காமல் விடுவதோடு ஒப்பிட்டால் இணையவழிக் கல்விக்குப் பெரும் பலன் உண்டு. வழக்கமான கற்பித்தலோடு ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதே, அதுவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அதாவது, ஊடகத்தை மாற்றியதால் மட்டும் கல்வி உயர்ந்துவிடுவதுமில்லை, தாழ்ந்துவிடுவதுமில்லை. அந்த ஊடகத்தில் மாணவர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. காணொளித் தொகுப்புகளுக்கு நிதி ஒதுக்கும் கல்லூரி நிர்வாகங்கள் இந்த முடிவை அறிந்திருந்தால் நன்று. வாய்ப்புச் செலவு அவர்களுக்கும் உண்டு.

நடைமுறை பற்றிச் சில சொற்கள். ஒரு மணி நேரக் காணொளி நூற்றுக்கணக்கான மெகாபைட்டை விழுங்குகிறது. நான் சொல்லும் விரிதாளுக்குச் சில கிலோபைட்டே போதும், பழைய கைபேசியிலும் திறக்கும், ஒருமுறை இறக்கிவிட்டால் இணைப்பே தேவையில்லை. விலையுயர்ந்த மென்பொருளும் வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் விரிதாள் செயலிகள் இளநிலை மாணவருக்குத் தாராளம்; மேலே போக விரும்புவோருக்கு ஆர் என்ற நிரல்மொழி இலவசமாகவே இருக்கிறது. உண்மையான பற்றாக்குறை ஆசிரியர்களில்தான். மருத்துவமும் பொருளியலும் சேர்ந்து தெரிந்தவர்கள் எங்குமே குறைவு. இங்கே இணையம் உண்மையிலேயே கைகொடுக்கும்: ஒரு பொருளியலாளர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் மாணவர்களோடு நேரலையில் அமர்ந்து அவர்கள் நிரப்பிய தாள்களைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம், அந்தந்தக் கல்லூரியின் மருத்துவப் பேராசிரியர் உடனிருந்து பதில் சொல்லலாம். இருவருக்கும் கருத்து வேறுபட்டால் இன்னும் நல்லது. மாணவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

தேர்வு முறையைத் தொடாமல் இவை எதுவும் நடக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் இருக்கும்வரை மாணவர்கள் இலக்கணங்களையே படிப்பார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்வேன். ஒரு மருந்தைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று மருத்துவமனையின் மருந்துக் குழுவுக்கு ஒரு பக்கப் பரிந்துரை எழுதச் சொல்லிச் சில காலம் முயன்று பார்த்தேன். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அந்த ஒரு பக்கத்தை இப்போது நொடியில் எழுதித் தந்துவிடுகின்றன, அதுவும் என் மாணவர்களைவிட நல்ல நடையில். ஆகவே எழுதியதற்கு மதிப்பெண் தருவதை விட்டுவிட்டு, அவர் நிரப்பிய தாளைத் திறந்துவைத்து, ஓர் எண்ணை நான் மாற்றிவிட்டு, "இப்போது உங்கள் பரிந்துரை நிற்குமா?" என்று ஐந்து நிமிடம் நேரில் கேட்கிறேன். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால், புரிந்தவரும் புரியாதவரும் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறார்கள்.

இறுதியாக, காலம் பற்றிய ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் வகுப்போர் இதை நோயாளியையே பார்த்திராத தொடக்க ஆண்டுகளில் அடைத்துவிட்டு, இணையத்தில் இருக்கிறது, படித்துக்கொள்வார்கள் என்று கைகழுவ வேண்டாம். பரிசோதனைச் சீட்டில் கையெழுத்திடத் தொடங்கும் பயிற்சி மருத்துவர் ஆண்டில், வாரத்துக்கு ஒரு தாள், ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும். அந்த வாரம் அவர் உண்மையில் எழுதிய பரிசோதனைகளில் ஒன்றை, நோயாளியின் அடையாளம் நீக்கி, அவரே தாளில் ஏற்ற வேண்டும்: அது என்ன சொல்லும் என்று எதிர்பார்த்தார், அது என்ன சொன்னது, அதனால் சிகிச்சையில் எது மாறியது, என்ன செலவாயிற்று. என் வகுப்பில் இந்த நான்கு கட்டங்களில் மூன்றாவதுதான் பெரும்பாலும் காலியாக வந்து சேர்கிறது. எங்கள் உரையாடலை அங்கிருந்தே தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
சமூக மருத்துவ ஆசிரியர் ஒருவர்